நோட்டைக் கிழிச்சவன்கிட்டயே காப்பி: ஃபேஜ்களின் கத்தரிக்கோல்

விழுப்புரத்துல இருந்து திண்டிவனத்துக்கு பஸ்ல போயிட்டே இதைக் கேக்குறீங்களா? ஜன்னல் வழியா ஏதாவது ஏரி தெரிஞ்சா பாருங்க. அந்தத் தண்ணியில ஒரு சொட்டு எடுத்தாலும், பாக்டீரியாவை மட்டுமே தாக்குற வைரஸ்கள் ஏராளமா இருக்கும். பேரு பாக்டீரியோஃபேஜ், சுருக்கமா ஃபேஜ்.

இன்னைக்கு நம்ம கதையில ரெண்டு ஃபேஜ்: டி2, டி4. ரெண்டும் பங்காளிங்க. ஈ.கோலை பாக்டீரியா ஒண்ணுக்குள்ள ரெண்டும் ஒரே நேரத்துல நுழைஞ்சா, வெளியே வர்ற வாரிசுகள்ல ரெண்டு பேரோட ஜீன்களும் பாதிக்குப் பாதி இருக்கணும் இல்லையா? ஆனா சில இடங்கள்ல கிட்டத்தட்ட எல்லாமே டி4-ஓட ஜீன்தான். பல வருஷமா இது ஒரு புதிர்.

அதுல ஒரு முடிச்சை 2002-ல் அமெரிக்காவின் ஆல்பனியில் டேவிட் ஷப்பின் ஆய்வுக் குழு அவிழ்த்தது. டி4-ல 56-ஆம் ஜீனுக்குப் பக்கத்துல 'செக்எஃப்'னு ஒரு ஜீன் இருக்கு. அது உருவாக்குற என்சைம் ஒரு கத்தரிக்கோல். டி2-வோட 56-ஆம் ஜீனைத் தேடிப் போய் வெட்டும். டி4-ல அந்த இடத்து எழுத்து வரிசை கொஞ்சம் வேற, அதனால சொந்த டிஎன்ஏ தப்பிச்சிடும்.

இதுக்கப்புறம்தான் விஷயமே. கத்தரிக்கோல் எந்த ஜீனையும் தூக்கிட்டுப் போறதில்லை, வெட்டுறதோட அதன் வேலை முடிஞ்சது. அறுந்த டிஎன்ஏவை ஒட்ட ஒரு மாதிரி வேணும். பக்கத்துல முழுசா இருக்கறது டி4 மட்டும்தான். அதைப் பார்த்து எழுதும்போது, 56-ஆம் ஜீனோட கத்தரிக்கோல் ஜீனும் சேர்ந்து வந்துடும். நோட்டைக் கிழிச்சவன்கிட்டயே போய் காப்பி அடிக்கிற கதை! அடுத்த தலைமுறையில அந்த டி2 வாரிசு கையிலயும் கத்தரிக்கோல்.

இந்த வகை என்சைம்களுக்கு 'ஹோமிங் எண்டோநியூக்ளியேஸ்'னு பேரு. 2003-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆஸ்டின் பர்ட் ஒரு யோசனை சொன்னார்: இதே தந்திரத்தைக் கொசுக்குள்ள வெச்சா, நாம விரும்புற மாற்றம் தலைமுறை தலைமுறையா தானே பரவும், மலேரியாவை அடக்கலாம். இன்னைக்கு 'ஜீன் டிரைவ்'னு பேசறது அதைத்தான்.

தானே பரவுறதுதான் அதோட பலம். பயமும் அதுவேதான். திண்டிவனத்துல விட்ட கொசு விழுப்புரத்துக்குப் போக யார்கிட்டயும் அனுமதி கேக்காது. அப்போ விடறதுக்கு முன்னாடி அனுமதி குடுக்க வேண்டியது யாரு? அடுத்த தடவை கொசு கடிக்கும்போது யோசிச்சுப் பாருங்க.