கூலி எவ்வாறு அமைகிறது? தோட்டப்புற வரலாறு கற்பிக்கும் பொருளியல்

திருக்குறளின் ஆள்வினை உடைமை அதிகாரத்தில் ‘கூலி’ என்னும் சொல் வருகிறது. அங்கே அது முயற்சிக்கு உரிய பயனைக் குறிக்கிறது. மலாயாத் தோட்டங்களில் அச்சொல்லே உழைக்கும் ஆளைக் குறிக்கும் சொல்லாகி, இழிவும் ஏறியது. இப்பொருள் மாற்றத்தின் பின்னே ஒரு பொருளியல் வரலாறு உண்டு. அதை அறிந்தால், தொழிற்சங்கம், குறைந்தபட்ச ஊதியம், வேலைவாய்ப்பு ஆகியவை பற்றி இன்று நடைபெறும் விவாதங்களும் தெளிவாகும்.

பாடநூல் தரும் விளக்கம் எளியது. உழைப்பு ஒரு பண்டம். கூலி அதன் விலை. முதலாளிகள் பலர், தொழிலாளர் பலர். தேவையும் வழங்கலும் சந்திக்கும் இடத்தில் கூலி நிலைபெறும். சட்டமோ சங்கமோ அவ்விலையை உயர்த்தினால், வாங்குவோர் குறைவாக வாங்குவர். சிலர் வேலை இழப்பர். இவ்விளக்கத்தில் பிழையில்லை. ஆனால் அது ஓர் எடுகோளின் மீது நிற்கிறது: தொழிலாளி ஒரு முதலாளியை விட்டு இன்னொருவரிடம் எளிதாகச் செல்லக் கூடியவராக இருத்தல் வேண்டும். நம் முன்னோர்க்கு அந்நிலை வாய்த்ததா என்பதே முதல் வினா.

தோட்டத்தில் சந்தை இருந்ததா?

இந்தியரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரும் முறை மலாயாவில் 1910 இல் முடிவுற்றது. அதன் இடத்தைக் கங்காணி முறை முழுமையாகப் பிடித்தது. 1907 இல் அமைக்கப்பட்ட குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் செலுத்தினர்; அந்நிதி தமிழகத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவரும் செலவை ஏற்றது. இதனால் எந்தத் தோட்டமும் ஆள் தேடிக் கூலியை உயர்த்த வேண்டிய தேவை குறைந்தது. பற்றாக்குறை தோன்றினால் கப்பலில் மேலும் ஆட்கள் வந்தனர். இரப்பர் விலை வீழ்ந்தால் திருப்பி அனுப்பப்பட்டனர். 1930களின் தொடக்கத்துப் பொருளாதார மந்தத்தில் பல்லாயிரவர் அவ்வாறு நாடு திரும்பினர்.

கூலியும் தோட்டந்தோறும் தனித்தனியே பேசி முடிவானதன்று. 1920களின் இறுதியில் முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என நியமக் கூலி வகுக்கப்பட்டது. மந்தக் காலத்தில் அதுவும் குறைக்கப்பட்டது. குடியிருக்கும் லயமும் தோட்டத்திற்கே உரியது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். இந்நிலையில் ‘பிடிக்காவிட்டால் வேறிடம் செல்லலாம்’ என்னும் வாதத்திற்குப் பொருள் ஏது?

வாங்குவோர் ஒருவரே, அல்லது ஒருவரைப் போலவே கூடிச் செயற்படும் சிலரே உள்ள சந்தைக்குப் பொருளியலில் தனிப்பெயர் உண்டு. 1933 இல் ஜோன் ராபின்சன் தம் நூலில் அதற்கான கலைச்சொல்லை வழங்கினார். கேம்பிரிட்ஜில் செவ்வியல் மொழி பயின்ற ஹால்வர்ட் என்னும் அறிஞர் கிரேக்க வேர்களிலிருந்து அதை ஆக்கித் தந்தார். தமிழில் அதனைக் ‘கொள்வோர் முற்றுரிமை’ எனலாம்.

ஒரு சிறு கணக்கு

கொள்வோர் முற்றுரிமையில் ஊதிய உயர்வு வேலையைக் குறைக்க வேண்டியதில்லை. இதனை வகுப்பறையில் ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம்.

ஒரு தோட்டத்தில் 100 பேர் நாளுக்கு 40 காசு பெற்றுப் பால் வெட்டுகின்றனர். ஒவ்வொருவர் உழைப்பும் நிருவாகத்திற்கு 60 காசு பெறுமானம் தருகிறது. மேலும் 10 பேர் வேண்டுமாயின் 44 காசு தந்தால்தான் வருவர். புதியவர்க்கு மட்டும் 44 காசு தந்தால் பழையவர் முணுமுணுப்பர்; ஆகவே அனைவர்க்கும் அதையே தர வேண்டும். முன்பு மொத்தச் செலவு 4,000 காசு. இப்போது 110 பேருக்கு 4,840 காசு. பத்துப் பேரைச் சேர்த்ததற்குக் கூடுதற் செலவு 840 காசு, அதாவது ஆளுக்கு 84 காசு. கிடைப்பதோ 60 காசு. எனவே நிருவாகம் அப்பத்துப் பேரைச் சேர்க்காது, கூலியையும் உயர்த்தாது.

இப்போது சங்கமோ சட்டமோ ‘44 காசுக்குக் குறையக் கூடாது’ என்று வரையறுப்பதாகக் கொள்வோம். பழைய நூறு பேருக்கும் 44 காசு தந்தே ஆக வேண்டும். அந்நிலையில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் ஆகும் கூடுதற் செலவு 44 காசு மட்டுமே. வரவு 60 காசு. நிருவாகம் அப்பத்துப் பேரையும் சேர்த்துக்கொள்ளும். கூலியும் உயர்ந்தது, வேலையும் பெருகியது. ஆனால் வரையறுத்த கூலி 60 காசைத் தாண்டினால் கதை மாறும். அப்போது பாடநூல் எச்சரிக்கை உண்மையாகி, ஆட்குறைப்பு நேரும். இரப்பர் விலை விழுந்தால் அந்த 60 காசே 45 காசாகலாம் என்பதையும் மறத்தல் ஆகாது.

பேரம் பேசும் ஆற்றல்

1938 இல் தோட்ட நிருவாகங்கள் மீண்டும் கூலியைக் குறைத்தன. அவ்வாண்டு ஜூனில் இந்திய அரசு உதவிபெற்ற குடிபெயர்வைத் தடைசெய்தது. வரவு நின்றது, பின்னர்ப் போர்த்தேவையால் இரப்பர் விலை ஏறியது. 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் ஆர்.எச். நாதனும் அதில் முன்னின்றனர். அதே வேலையைச் செய்த சீனத் தொழிலாளர் கூடுதல் கூலி பெற்றனர். அதற்கு இணையான கூலி கேட்கப்பட்டது. தோட்ட அதிகாரிகளைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கவும், கள்ளுக்கடைகளை மூடவும் கோரினர். நாதன் நாடு கடத்தப்பட்டார்; படை வரவழைக்கப்பட்டது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

சீனத் தொழிலாளர்க்குக் கூலி கூடியதற்குத் திறன் வேறுபாடு காரணமன்று. அவர்கள் குத்தகையாளர் வழி வேலை செய்தனர்; ஓரிடத்தில் ஒவ்வாவிடில் வேறிடம் சென்றனர். செல்லக் கூடியவர்க்கே பேரம் பேச இயன்றது.

போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் விரைந்து பெருகின. 1948 இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது; அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒடுக்கப்பட்டது; அதன் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 இல் தூக்கிலிடப்பட்டார். 1954 இல் பல மாநிலச் சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளரானார். முதலாளிகளின் கூட்டமைப்பும் சங்கமும் நாடு தழுவிய கூட்டு ஒப்பந்தங்களைச் செய்தன. தனியொரு வெட்டுக்காரர் கிராணியிடம் கேட்க முடியாததை ஒரு சங்கம் மேசையில் வைத்துக் கேட்க முடிந்தது.

எனினும் அவ்வொப்பந்தங்களில் கூலியின் ஒரு பகுதி இரப்பர் விலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. விலை ஏறினால் கூலி ஏறும், இறங்கினால் இறங்கும். சந்தையின் இடர் தொழிலாளியின் தோளிலும் ஏற்றப்பட்டது. பின்னர்ச் செம்பனை பரவியது. குத்தகை முறையும் வெளிநாட்டுத் தொழிலாளர் வரவும் பெருகின. சங்கத்தின் பேர ஆற்றல் தளர்ந்தது. ஆள்வரவின் வாயில் மீண்டும் திறந்தபோது பழைய கணக்கு மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

ஜெர்மனியின் ஒப்பீடு

இதே வினாவை ஜெர்மனியில் ஆய்வாளர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அங்கே நெடுங்காலம் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இல்லை. துறைவாரிக் கூட்டு ஒப்பந்தங்களே கூலியை முடிவு செய்தன. 1990களுக்குப் பின் ஒப்பந்தங்களுக்கு உட்பட்ட தொழிலாளர் விகிதம் குறைந்தது. குறைந்த கூலி வேலைகள் பெருகின. முன்பு சட்டத் தலையீட்டை விரும்பாத சங்கங்களும் அதனைக் கோரின. 1 ஜனவரி 2015 முதல் மணிக்கு 8.50 யூரோ நடைமுறைக்கு வந்தது. பல இலட்சம் வேலைகள் அழியும் என்று முன்னுரைத்தோர் இருந்தனர். டஸ்ட்மன் முதலிய ஆய்வாளர் 2022 இல் வெளியிட்ட ஆய்வு, கூலி உயர்ந்ததையும் வேலைவாய்ப்பு குறையாததையும் காட்டியது. குறைந்த கூலித் தொழிலாளர் சிலர் சிறிய, நலிந்த நிறுவனங்களிலிருந்து மேம்பட்ட நிறுவனங்களுக்கு மாறியதும் அதில் தெரிந்தது.

நம் மாவட்டத்து எல்லைக்கோடு

மலேசியாவில் குறைந்தபட்ச ஊதிய ஆணை 2013 ஜனவரியில் தொடங்கியது: தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி, சபா, சரவாக்கில் 800 வெள்ளி. எடைக்கும் துண்டு வேலைக்கும் கூலி பெறுவோரும் அவ்வரம்புக்குள் வந்தனர். தோட்டப்புறத்திற்கு இது முதன்மையான மாற்றம். 2022 மே மாதம் 1,500 வெள்ளியும், 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியும் நடைமுறைக்கு வந்தன. சிறு நிறுவனங்களுக்கு அவகாசம் தரப்பட்டது.

2020 பிப்ரவரியில் மாநகர், நகராண்மைக் கழகப் பகுதிகளுக்கு 1,200 வெள்ளியும், ஏனைய இடங்களுக்கு 1,100 வெள்ளியும் வகுக்கப்பட்டன. இதனால் பத்து பாகாட் மாவட்டத்திற்குள்ளேயே ஒரு கோடு விழுந்தது: பத்து பாகாட் நகராண்மைக் கழக எல்லைக்குள் ஒரு வரம்பு, யோங் பெங் மாவட்ட மன்றப் பகுதியில் நூறு வெள்ளி குறைந்த மற்றொரு வரம்பு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1992 இல் கூலி வரம்பை உயர்த்தியபோது, கார்டு, குரூகர் ஆகிய இருவரும் அதன் துரித உணவகங்களை அண்டை மாநிலமான பென்சில்வேனியாவின் உணவகங்களோடு ஒப்பிட்டனர். வேலை குறையவில்லை என்றனர். அம்முடிவை மறுத்தோரும் உண்டு. ஆயினும் எல்லைக்கோட்டின் இருபுறத்தையும் ஒப்பிடும் முறை நிலைபெற்றது. கார்டு 2021 இல் நோபல் பரிசு பெற்றார்.

நம் மாவட்டத்துக் கோட்டிலும் அவ்வாறே ஒப்பிடலாமே என்று மாணவர் கேட்கக் கூடும். ஆனால் 18 மார்ச் 2020 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, கோட்டின் இருபுறமும் கடைகளும் தொழிற்சாலைகளும் மூடப்பட்டன. வேலை இழப்பில் எவ்வளவு கூலி வரம்பால் வந்தது, எவ்வளவு பெருந்தொற்றால் வந்தது எனப் பிரித்தறிதல் அரிது. காரணங்கள் கலந்து கிடக்கும்போது முடிவுரைக்க விரையாமையும் கல்வியின் ஒரு பகுதியே.

மாணவர் கேட்க வேண்டியவை

பத்து பாகாட்டின் ஆடைத் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ நாளை வேலைக்குச் செல்லவிருக்கும் மாணவர், கூலி பற்றிய எந்த வாதத்தையும் மூன்று வினாக்களால் சோதிக்கலாம். இத்தொழிலாளி செல்லக் கூடிய வேறு முதலாளிகள் எத்தனை பேர்? அவர் உழைப்பு ஈட்டித் தரும் பெறுமானம் எவ்வளவு? அவருக்காகப் பேசுவோர் யார்? இம்மூன்றுக்கும் விடை காணாமல் ‘கூலி உயர்ந்தால் வேலை போகும்’ என்பாரும், ‘எவ்வளவு உயர்த்தினாலும் கேடில்லை’ என்பாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். ஆசிரியர்கள் மேற்கண்ட கணக்கில் எண்களை மாற்றி மாணவரையே செய்துபார்க்கச் சொல்லலாம். எந்த எண்ணில் வேலை பெருகுகிறது, எந்த எண்ணில் குறைகிறது என்பதை அவர்களே கண்டறிவர்.