புளிரசத்துக்கு வந்த பெருமை

ஒரு தேசம் சுதந்திரம் பெற்றுவிட்டதா என்பதை அறியப் பல வழிகள் உண்டு. கொடிமரத்தை அண்ணாந்து பார்க்கலாம். சட்டசபையில் எந்தப் பாஷை ஒலிக்கிறது என்று காது கொடுத்துக் கேட்கலாம். இவற்றைக் காட்டிலும் எளிய வழி ஒன்று இருக்கிறது. அந்தத் தேசத்தின் பெரிய போஜனசாலை ஒன்றுக்குள் நுழைந்து, அவ்வூர்ப் பாட்டிமார் வீட்டில் சமைக்கும் பண்டம் அங்கே கிடைக்குமா என்று விசாரிப்பதுதான் அது. இந்தப் பரீட்சையில் பிலிப்பைன் தீவுகள் தேறிய கதை மிகவும் சுவையானது. அதில் நம் சென்னைப் பட்டணத்துக்கும் சிறிது சம்பந்தம் உண்டு.

முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆண்ட ஸ்பெயின் தேசத்தாரை எதிர்த்து, பிலிப்பைன் மக்கள் 1898-ஆம் வருஷம் ஜூன் 12-ந் தேதி சுதந்திரப் பிரகடனம் செய்தார்கள். அதைத் தேசிய மகாசபை ஊர்ஜிதம் செய்தபோது, செப்டம்பர் 29-ந் தேதி மலோலோஸ் நகரில் பெரிய விருந்து நடைபெற்றது. அந்த விருந்தின் பண்டப் பட்டியல் எந்தப் பாஷையில் அச்சாகியிருந்தது தெரியுமா? பிரெஞ்சு பாஷையில்! சுதேச முறையில் சமைத்த கோழிப் பண்டம் ஒன்று அதில் இடம் பெறத்தான் செய்தது. ஆனால் அதுவும் பிரெஞ்சுப் பெயரைத் தரித்துக்கொண்டே பந்திக்கு வந்தது. அந்தத் தேசபக்தர்களைப் பரிகசிப்பது நியாயமாகாது. தாங்கள் நாகரிகத்தில் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர் என்று உலகத்துக்குக் காட்ட அவர்கள் விரும்பினார்கள். அந்நாளில் நாகரிகத்துக்கு அளவுகோல் பாரிஸ் நகரத்தில் அல்லவா இருந்தது?

இத்தனைக்கும் சுதேசச் சமையலின் பெருமையை அவர்களுடைய மகா எழுத்தாளர் ஹோஸே ரிஸால் முன்பே எழுதி வைத்திருந்தார். 1887-ல் வெளிவந்த 'நோலி மீ தாங்கரே' என்ற அவருடைய நாவல் ஒரு விருந்துடன்தான் ஆரம்பமாகிறது. அங்கே 'தினோலா' என்னும் கோழி ரசம் பரிமாறப்படுகிறது. அகம்பாவம் பிடித்த பாதிரியாருக்குக் கழுத்தும் இறக்கையும் வந்து சேர்கின்றன. ஊர் திரும்பிய இளைஞனுக்கு நல்ல துண்டங்கள் கிடைக்கின்றன. பாதிரியாரின் கோபம் கிண்ணத்திலேயே பொங்குகிறது! நாவலின் பெரும்பகையை ஒரு கிண்ண ரசத்தில் காட்டிவிட்டார் ரிஸால். இன்று தினோலாவில் பச்சைப் பப்பாளிக்காய், இஞ்சி இவற்றுடன் 'மலுங்கை' இலையையும் போடுகிறார்கள். மலுங்கை என்பது வேறொன்றும் இல்லை, நமது முருங்கைதான்.

ஸ்பெயின் போனதும் அமெரிக்கா வந்தது. பள்ளிக்கூடங்களில் பெண்களுக்கு அமெரிக்கச் சமையல் முறை போதிக்கப்பட்டது. தகர டப்பாவில் அடைத்து வந்த பண்டத்துக்கு அந்தஸ்து உண்டாயிற்று. விருந்தினர் வந்தால் டப்பா திறக்கப்பட்டது. வீட்டுச் சமையல் கொல்லைப்புறத்திலேயே நின்றது.

அதை வாசலுக்கு அழைத்து வந்தவர் ஒரு குடும்ப ஸ்திரீ. எங்கராசியா குரூஸ் ரேயெஸ் என்னும் அம்மையார், 1936-ல் மணிலாவின் லுனேட்டா மைதானத்துப் பக்கம் ஓர் உணவு வண்டியை நிறுத்தி வியாபாரம் தொடங்கினார். ரொட்டிக்குள் வைப்பதற்குச் சீமை மாமிசம் எதற்கு என்று, வீட்டில் செய்யும் 'அடோபோ'வை வைத்து விற்றார். அந்த வண்டிதான் பின்னர் 'அரிஸ்டோக்ராட்' என்ற பெயர்பெற்ற போஜனசாலையாக வளர்ந்தது. பிரபு என்று பொருள்படும் பெயர் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கிடைத்தது பொருத்தமே!

நேயர்கள் மணிலாவுக்குப் போனால் முதலில் நுழைய வேண்டிய இடம் 'துரோ-துரோ' என்னும் சிறு சாப்பாட்டுக் கடை. 'சுட்டிக் காட்டு, சுட்டிக் காட்டு' என்பது அதன் பொருள். கண்ணாடிக்குப் பின்னால் பாத்திரங்கள் வரிசையாக இருக்கும். வேண்டியதை விரலால் காட்டினால் போதும். பாஷை தெரியாதவனும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சுடச்சுடச் சோறு வரும். வலது கையில் கரண்டி, இடது கையில் முள் என்பது இன்றைய வழக்கம். ஆனால் வாழை இலை விரித்துக் கையால் உண்பதே பழைய முறை. 'கமாயன்' என்று அதற்குப் பெயர் சூட்டி, இப்போது போஜனசாலைகளிலும் கொண்டாடுகிறார்கள். நமக்கோ அது தினசரி விவகாரம்.

முதலில் அடோபோவைக் காட்டுவோம். பெயர் மட்டுமே ஸ்பானிஷ். காடி, பூண்டு, மிளகு இவற்றில் இறைச்சியை வேகவைக்கும் முறை சுதேசத்தது. காடியின் புளிப்பு, வெப்ப தேசத்தில் பண்டத்தைச் சில நாள் கெடாமல் காக்கும். 1613-ல் தகாலோகு பாஷைக்கு அகராதி தொகுத்த ஸ்பானிஷ் பாதிரியார் இதைக் கண்டு, 'சுதேசிகளின் அடோபோ' என்று எழுதி வைத்தார். பண்டம் இங்கே இருந்தது. பெயர் கப்பலில் வந்தது.

அடுத்தது 'சினிகாங்'. இதுதான் அத்தீவுகளின் ஆத்மா என்று சொல்லலாம். புளியங்காயை வேகவைத்துப் பிழிந்த ரசத்தில் மீனோ இறாலோ பன்றி இறைச்சியோ, முள்ளங்கி, கீரை இவற்றுடன் கொதிக்கும். புளி அகப்படாத இடத்தில் கொய்யாவும் புளிப்புத் தரும். வெயிலில் வாடி வந்தவனுக்கு அது அமிர்தம். சைவ உணவினரான நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். மீனை ஒதுக்கிவிட்டு நினைத்துப் பார்த்தால் நம் வீட்டுப் புளிரசத்துக்குப் பங்காளி முறைதான்.

மூன்றாவது 'கரே-கரே'. வாழைப்பூ, கத்தரிக்காய், நீளக் காராமணி, இவற்றுடன் மாட்டு வால் சேர்த்து, வேர்க்கடலை அரைத்துவிட்ட குழம்பு. தொட்டுக்கொள்ள, உப்பிட்டு ஊறவைத்த கூனி இறால் விழுது. பெயரைக் காதில் வாங்கினீர்களா? இங்கேதான் சென்னை வருகிறது. 1762-ல் சென்னையிலிருந்து புறப்பட்ட ஆங்கிலேயக் கப்பற்படை மணிலாவைப் பிடித்தது. அதில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். 1764-ல் ஆங்கிலேயர் திரும்பியபோது சிப்பாய்கள் சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்கு அருகிலுள்ள கைந்தா என்னும் ஊரில் குடியேறிக் கலியாணம் செய்துகொண்டார்கள். அவர்கள் கிளறிய 'கறி'யே கரே-கரே ஆயிற்று என்றும், சிறு சாப்பாட்டுக் கடைக்கு வழங்கும் 'கரிந்தேரியா' என்னும் சொல்லிலும் அந்தக் கறியே ஒளிந்திருக்கிறது என்றும் கூறுவாருண்டு.

சாப்பாட்டு மேஜையில் ஒரு விசேஷம் கவனிக்கத்தக்கது. காடி, மீன் சாறு, சிறு எலுமிச்சை, மிளகாய் எல்லாம் தனித்தனியே வைத்திருப்பார்கள். உண்பவன் தன் நாக்குக்குத் தக்கபடி சேர்த்துக்கொள்ளலாம். சமைத்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்! இந்தச் சுதந்திரத்தைப் பற்றியும், சினிகாங் ஏன் அம்மக்களின் உயிராயிற்று என்பது பற்றியும் டோரீன் பெர்னாண்டஸ் என்னும் அறிஞர் அம்மையார் அழகாக எழுதியிருக்கிறார். 2002-ல் காலமான அவர், வீட்டுச் சமையலையும் சரித்திரம் போல ஆராயலாம் என்று காட்டியவர். அவருக்கு முன்னெல்லாம் அயல்நாட்டார் அத்தீவுகளைப் பற்றி எழுதினால், கரு வளர்ந்த வாத்து முட்டையை வேகவைத்துத் தின்கிறார்கள் என்று வியந்துவிட்டு அத்துடன் நிறுத்திக்கொள்வது வழக்கமாயிருந்தது.

கிறிஸ்மஸை ஒட்டிய அதிகாலைப் பூஜைகளின்போது கோயில் வாசலில் 'பூத்தோ பும்போங்' விற்பார்கள். ஊதா நிற அரிசி மாவை மூங்கில் குழாயில் அடைத்து ஆவியில் வேகவைத்து, தேங்காய்த் துருவலும் வெல்லச் சர்க்கரையும் தூவித் தருவது. நமது குழாய்ப் புட்டு அங்கே வண்ணப் பட்டு உடுத்தி நிற்கிறது!

இன்று நிலைமை மாறிவிட்டது. மணிலாவின் 'தோயோ ஈட்டரி' என்ற பேர்பெற்ற போஜனசாலையில், குழந்தைகள் பாடும் நாட்டுப்பாட்டு ஒன்றில் வரும் 18 காய்கறிகளையும் சேர்த்து ஒரு பண்டம் செய்து புகழ் பெற்றார்கள். அமெரிக்காவில் சிகாகோ நகரத்துப் பிலிப்பைன் போஜனசாலையான 'கஸாமா'வுக்கு 2022-ல் பிரெஞ்சுக்காரரின் மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. மலோலோஸ் விருந்தில் பிரெஞ்சு வேஷம் போட வேண்டியிருந்த சமையலை, பிரெஞ்சுக்காரரே தேடிச் சென்று மெச்சினார்கள்!

ஆயினும் ஒரு கவலை இருக்கிறது. பெரிய இடங்களில் சினிகாங் சிம்மாசனம் ஏறும் அதே காலத்தில், எத்தனையோ வீடுகளில் புளியங்காய் வேகவைப்பது குறைந்துவிட்டது. கடையில் விற்கும் புளிப்புப் பொடிப் பொட்டலத்தைக் கொதிநீரில் கொட்டிவிடுகிறார்கள். அவசர காலத்தில் அதைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் போஜனசாலை ஒரு கண்காட்சி; வீடுதான் விளைநிலம். அடுப்பங்கரையில் கைப்பக்குவம் அற்றுப்போனால், நட்சத்திரம் பெற்ற சமையற்காரர் யாரிடம் போய்க் கற்றுக்கொள்வார்? மணிலாவின் ஏதோ ஒரு சந்தில், பேத்தியைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு புளியங்காய் பிழிகிற பாட்டிக்கு நட்சத்திரம் எதுவும் கிடைக்கப்போவதில்லை. அவளுடைய கிண்ணத்தில்தான் அத்தேசத்தின் ருசி பத்திரமாயிருக்கிறது.