தேனீயின் வயிற்றில் வளரும் ஈயும் அதன் இரு பெயர்களும்

ஐரோப்பாவின் புல்வெளிகளில் கோடைகாலத்தில் காணப்படும் ஓர் ஈ, பார்வைக்குக் குளவியைப் போன்றது. மெலிந்த இடையும் பருத்த தலையும் கொண்ட இது, பூக்களின் அருகே காத்திருந்து, மயிர் அடர்ந்த பெரிய உடலுடைய பம்பிள்பீ எனப்படும் தேனீக்களைப் பறக்கும்போதே பற்றுகிறது. தேனீயின் வயிற்று வளையங்களின் இடுக்கை நெம்பி, உள்ளே ஒரு முட்டையைச் செலுத்திவிட்டு விலகுகிறது. எல்லாம் நொடிப்பொழுதில் முடிந்துவிடும்.

முட்டையிலிருந்து வெளிவரும் புழு தேனீயை உள்ளிருந்தே உண்டு வளர்கிறது. சுமார் 10 முதல் 12 நாட்களில் தேனீ இறக்கிறது. அதன் உடற்கூட்டுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, குளிர்காலத்தைக் கழித்து, மறு ஆண்டு ஈயாக வெளிவருகிறது.

ஃபைசோசெஃபலா ரூஃபிபெஸ் (ஃபாப்ரீசியஸ், 1781) என்பது இதன் அறிவியல் பெயர். முதற்சொல் கிரேக்க மொழியில் ஊதிய தலையையும், இரண்டாவது லத்தீனில் சிவந்த கால்களையும் குறிக்கும். அடைப்புக்குறி வெறும் அலங்காரமல்ல. லின்னேயஸின் மாணவரான ஃபாப்ரீசியஸ் இதனைக் கோனொப்ஸ் என்ற பேரினத்தில் சேர்த்திருந்தார். பின்னர் இனம் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டது என்பதை அக்குறி உணர்த்துகிறது. ஃபைசோசெஃபலா என்ற பேரினத்தை 1861இல் உருவாக்கியவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஷைனர்.

மாற்றத்துக்குத் தேவையும் இருந்தது. 1758இல் லின்னேயஸ் கோனொப்ஸ் என்ற ஒரே பெயரின் கீழ், மாட்டுத் தொழுவங்களில் இரத்தம் குடிக்கும் ஈயைக்கூட வைத்திருந்தார். அந்த ஈ இன்று முற்றிலும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. பேரினப் பெயர் மாறினாலும் ரூஃபிபெஸ் என்ற இரண்டாவது சொல் மாறவில்லை. 18ஆம் நூற்றாண்டின் குறிப்பையும் இன்றைய ஆய்வையும் இணைப்பது அதுவே.

இந்த இணைப்பு தேனீ ஆய்வாளர்களுக்கு முக்கியமானது. சுவிட்சர்லாந்தின் பாசெல் பகுதியில் ஆய்வு நடத்திய உயிரியலாளர்கள், புழு தாங்கிய தேனீக்கள் இரவில் கூட்டுக்குத் திரும்பாமல் குளிரில் வெளியே தங்குவதாக 1993இல் தெரிவித்தனர். குளிர் புழுவின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துவதால், தேனீயின் ஆயுள் சற்று நீள்கிறது. ஆனால் அதே தேனீக்கள் சாவதற்குமுன் மண்ணைத் தோண்டிப் புதைந்துகொள்கின்றன என்று 1994இல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால் பயன்பெறுவது ஈதான்; மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு குளிர்காலத்தை நன்கு தாங்குகிறது.

முதற்செயல் தேனீயின் தற்காப்பு, இரண்டாவது ஈயின் ஆதிக்கம் என்றே கொள்ள வேண்டியுள்ளது. ஒரே தேனீயின் உடலில் இரண்டும் சில நாட்களுக்குள் நிகழ்கின்றன.