ரேம் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!



எங்க வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. பாலிடெக்னிக் படிக்கிற எங்க அண்ணன் பழைய சாமான்களாக வாங்கி, தானே பூட்டியது. அதில் 4 ஜிபி ரேம்தான். நாலு பக்கம் சேர்ந்தாற்போல் திறந்தால் அப்படியே நின்னுரும். அம்மா மல்லிகைப்பூ கட்டிச் சேர்த்த காசில் இன்னொரு 4 ஜிபி வாங்க டவுன்ஹால் ரோட்டுக்குப் போனோம்.

ரேம் என்பது என்ன? ஹார்டு டிஸ்க் பீரோ என்றால், ரேம் மேசை. பீரோவில் இருக்கும் புத்தகத்தை மேசையில் விரித்துத்தானே படிக்கிறோம்? மேசை சின்னதாக இருந்தால் கஷ்டம்.

கடையில் "4 ஜிபி ரேம் குடுங்க" என்று மட்டும் கேட்டோம். அதுதான் எங்க தப்பு. வீட்டில் வந்து சொருகினால் உள்ளேயே போகவில்லை. நான் நல்லா அமுக்கினேன். "அமுக்காத பாப்பா, உடைஞ்சுரும்!" என்று அண்ணன் கத்துச்சு. பார்த்தால் அது டிடிஆர்3. எங்களுக்கு வேண்டியது டிடிஆர்4.

ஜெடெக் என்ற அமைப்புதான் இதற்கெல்லாம் அளவு வகுக்கிறது. டிடிஆர்3 2007-இல் வந்தது, டிடிஆர்4 2012-இல், டிடிஆர்5 2020-இல். டிடிஆர்3-க்கு 240 பின், 1.5 வோல்ட். டிடிஆர்4-க்கு 288 பின், 1.2 வோல்ட். மாற்றிச் சொருகிவிடக் கூடாது என்றே அடியில் உள்ள வெட்டை ஒவ்வொன்றிலும் வேற வேற இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார், கூடுதல் காசு மட்டும் வாங்கிக்கிட்டார். புதுசில் 3200 என்று போட்டிருந்தது. பழையது 2400. மாட்டிவிட்டு சிபியு-இசட் என்ற மென்பொருளில் பார்த்தால் வேகம் 1200 தான் காட்டுது! அம்மா முகம் வாடிப்போச்சு. "ஏமாத்திட்டாங்களாடா?" என்று கேட்டாங்க.

யாரும் ஏமாற்றவில்லை. இரட்டைக் காளை வண்டி பார்த்திருப்பீங்க. ஒரு காளை எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், வண்டி மெதுவான காளையின் நடைக்குத்தான் போகும். ஒவ்வொரு ரேமிலும் தன் வேகத்தைச் சொல்லும் குட்டி சிப் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது மதர்போர்டு இரண்டையும் படித்து, குறைந்ததான 2400-ஐ எடுத்துக்கொள்ளும். சரி, 1200 எப்படி? டிடிஆர் ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை தகவல் அனுப்பும். 1200 துடிப்பு, இரண்டு தடவை, ஆக 2400. கணக்குச் சரி!

"பழசைக் கழட்டிட்டு 3200 மட்டும் போட்டா?" என்று நான் கேட்டேன். அதுவும் வீண்தானாம். எங்களுடையது இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ3, 2017-இல் வந்தது. அந்தப் பிராசஸரே 2400 வரைதான் ஏற்கும். அதனால் ரேமுக்கு முன்னால் பிராசஸரும் மதர்போர்டும் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கணும்.

சில ரேமில் 2400 என்று இருக்காது, பிசி4-19200 என்று இருக்கும். பயப்படாதீங்க, 8-ஆல் வகுத்துப் பாருங்க, 2400 வந்துரும்.

கடைக்குப் போகும்போது கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி, வயரைப் பிடுங்கிட்டு, பழைய ரேமைக் கழட்டிக் கையோடு கொண்டு போங்க. நாங்க அப்படிப் போயிருந்தா ஒரு தடவை பஸ் காசு மிச்சம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி