ஆதிமனிதனின் ஆகாரமும் வெறுங்கால் ஓட்டமும்

பொழுது புலரும் வேளையில் மும்பையின் மரைன் டிரைவ் சாலையிலோ, தில்லியின் லோதி தோட்டத்திலோ, பெங்களூரின் கப்பன் பூங்காவிலோ, கொல்கத்தாவின் மைதானத்திலோ சற்று நின்று நோக்கினால், ஓடிப் பயிலுகிறவர்களின் கூட்டத்தைக் காணலாம். 2004ஆம் ஆண்டில் மும்பையில் பெரிய மாரத்தான் பந்தயம் தொடங்கிய பின்னர், நெடுந்தூர ஓட்டம் விளையாட்டு வீரர்களுக்கு மட்டுமே உரியது என்ற நிலை மாறிவிட்டது. அலுவலகம் செல்வோரும் இல்லத்தரசிகளும் ஓய்வுபெற்றோரும் இன்று ஓடுகிறார்கள். பிழைப்பை நாடி வெளிமாநிலங்களில் குடியேறிய நம்மவர் பலரும் அவர்களுள் இருக்கிறார்கள்.

இவ்வாறு ஓடத் தொடங்குகிறவர்களின் செவியில் இரண்டு உபதேசங்கள் விரைவில் வந்து விழுகின்றன. கற்கால மனிதன் உண்டதையே உண்ண வேண்டும் என்பது ஒன்று. கற்கால மனிதன் ஓடியவாறே ஓட வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதைப் பேலியோ உணவுமுறை என்கிறார்கள். பின்னது, வெறுங்காலுடனோ, மெல்லிய அடிப்பாகமுள்ள இலேசான காலணியுடனோ ஓடும் முறை. இரண்டும் ஒரே கருத்திலிருந்து பிறந்தவை. நமது உடல் பல லட்சம் ஆண்டுகளாக வேட்டையாடியும், காய் கனி கிழங்குகளைச் சேகரித்தும் வாழ்ந்த வாழ்க்கைக்கு ஏற்ப அமைந்தது. வேளாண்மை தோன்றி ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளே ஆகின்றன. மெத்தென்ற ஓட்டக் காலணி பரவியோ சுமார் அரை நூற்றாண்டுதான் ஆகிறது. ஆகவே புதியவற்றை விலக்கிப் பழையவற்றுக்குத் திரும்புவதே நலம் என்பது அவ்வாதம். இதில் எவ்வளவு உண்மை உண்டு, எவ்விடத்தில் அது வழுவுகிறது என்பதை ஆராய்வோம்.

முதலில் ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1960இல் ரோம் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் மாரத்தானில், எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா வெறுங்காலுடன் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வெற்றி பெற்றார். நம் நாட்டிலும் பீகாரில் பிறந்த சிவநாத் சிங் வெறுங்கால் ஓட்டத்துக்குப் பெயர் பெற்றவர். 1976ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் அவர் பதினோராவது இடத்தை எய்தினார். 1978இல் ஜலந்தரில் அவர் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி நிறுவிய தேசியச் சாதனையை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்திய வீரர் எவராலும் முறியடிக்க இயலவில்லை. இவற்றைக் கேட்கும்பொழுது, காலணி வீண் சுமை என்றே நமக்குத் தோன்றும். ஆனால் அதே பிகிலா 1964இல் டோக்கியோவில் காலணி அணிந்து ஓடி, ரோமில் ஓடியதைவிட மூன்று நிமிடம் விரைவாகவே வென்றார் என்பதையும் நாம் சேர்த்து நினைக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் லீபர்மன் என்ற அறிஞரும் அவருடைய துணைவர்களும் 2010இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். தடித்த காலணி அணிந்தவர்களுள் பெரும்பாலோர் முதலில் குதிகாலை ஊன்றி ஓடுகிறார்கள். அப்பொழுது தரை கொடுக்கும் அதிர்ச்சி ஒரு சம்மட்டி அடிபோல் திடீரென்று காலின் வழியே மேலேறுகிறது. காலணியின் மெத்தை அதனை ஓரளவு தணிக்கிறது. வெறுங்காலுடன் ஓடிப் பழகியவர்களோ பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் பதித்து, முழங்காலைச் சற்று மடக்கி, குறுகிய அடிகளாக எடுத்து வைக்கிறார்கள். கணுக்காலும் கெண்டைக்காலும் வில்போல் வளைந்து கொடுப்பதால் அந்தத் திடீர் அதிர்ச்சி எழுவதில்லை. இதுவே அவர்கள் கண்டது.

எனினும், வெறுங்காலினர் அனைவரும் இவ்வாறே ஓடுகிறார்கள் என்று எண்ணிவிடலாகாது. வடகென்யாவில் காலணியின்றி வாழும் தாசனாச் மக்களை ஆராய்ந்தவர்கள், நிதானமான வேகத்தில் அவர்களுள் பெரும்பாலோர் குதிகாலையே முதலில் ஊன்றுவதைக் கண்டு 2013இல் எழுதினார்கள். மேலும், முன்பாத ஓட்டத்தில் உடலின் பாரம் மறைந்துபோவதில்லை. முழங்காலுக்குக் குறையும் பாரம் கெண்டைக்கால் தசைக்கும், குதிகாலின் பின்னுள்ள தசைநாணுக்கும், பாதத்தின் சிற்றெலும்புகளுக்கும் போய்ச் சேருகிறது. அவை அதற்குப் பழகியிருக்க வேண்டும். பழகாவிடில் நேர்வது என்ன? 2013இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆராய்ச்சியில், காலணியுடன் ஓடிவந்தவர்கள் பத்து வாரத்தில் மெல்லிய காலணிக்கு மாறினார்கள். அவ்வாறு மாறிய 19 பேருள் 10 பேருக்குப் பாத எலும்பில் கேட்டின் அறிகுறி காணப்பட்டது. பழைய காலணியிலேயே ஓடிய 17 பேருள் ஒருவருக்கே அது காணப்பட்டது.

இவ்விடத்தில் நம்மவர் ஒன்று கூறக்கூடும்: "நாங்கள் ஊரில் வெறுங்காலுடன் வயல் வரப்பில் திரிந்தவர்கள்தாமே, எங்களுக்கு என்ன பழக்கம் வேண்டும்?" அதில் ஓரளவு நியாயம் உண்டு. கர்நாடகத்தின் மணிப்பால் மருத்துவர்கள் 2,300 சிறுவர் சிறுமியரின் பாதங்களை ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட கணக்கின்படி, தட்டைப்பாதம் காலணி அணிந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்கும், அணியாத பிள்ளைகளில் நூற்றுக்கு 2.8 பேருக்கும் இருந்தது. இளமையில் வெறுங்காலுடன் நடப்பது பாதத்தின் வளைவுக்கு நல்லது என்று அவர்கள் கருதினார்கள். ஆனால் இருபது ஆண்டுகள் அலுவலகக் காலணிக்குள் அடைந்து கிடந்த பாதம், வரப்பில் ஓடிய பாதம் அன்று. வயதும் எடையும் கூடியிருக்கின்றன. மண் தரைக்குப் பதிலாகச் சிமெண்டுத் தரை வந்திருக்கிறது.

இனி ஆகாரத்துக்கு வருவோம். அமெரிக்க மருத்துவர் பாய்ட் ஈட்டனும் மானிடவியல் அறிஞர் மெல்வின் கான்னரும் 1985இல் எழுதிய கட்டுரை இக்கருத்துக்கு விஞ்ஞான உலகில் இடம் தேடித் தந்தது. 2002இல் லோரன் கார்டைன் எழுதிய நூல் அதனைப் பொதுமக்களிடையே பரப்பியது. இறைச்சி, மீன், முட்டை, காய், கனி, கொட்டை வகைகள் ஆகியவற்றை உண்ணலாம். தானியம், பருப்பு, பால், சர்க்கரை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பது அதன் விதி. நம் வழக்கில் சொன்னால், இட்லி, சோறு, சாம்பார், தயிர் நான்கும் இலையை விட்டு விலக வேண்டும். தமிழரிடையே பரவியுள்ள பேலியோவில் நெய்யும் பனீரும் சேர்ந்துகொண்டன. ஆதிமனிதன் பசு வளர்த்தவன் அல்லன் என்பதை நோக்கினால், உணவுமுறைகளும் குடியேறிய ஊருக்கேற்ப மாறுகின்றன என்பது விளங்கும்.

இம்முறையினால் நன்மை இல்லாமல் இல்லை. சர்க்கரையும் மைதாவும் பொட்டலத் தின்பண்டங்களும் நீங்கிக் காய்கறி மிகும்பொழுது, பலருக்கு எடையும் இடுப்பின் சுற்றளவும் குறைகின்றன. ஆனால் ஆதிமனிதன் தானியத்தைத் தொட்டதே இல்லை என்பது மெய்யன்று. இன்றைய இஸ்ரேல் நாட்டிலுள்ள ஒஹாலோ என்னுமிடத்தில், சுமார் 23,000 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் காட்டு வாற்கோதுமையைச் சேகரித்து அரைத்ததற்குச் சான்று கிடைத்திருக்கிறது.

நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு வேறொரு கணக்கும் உண்டு. மாவுப்பொருளிலிருந்து கிடைக்கும் சர்க்கரையை நமது தசைகளும் ஈரலும் சேமித்து வைக்கின்றன. அச்சேமிப்பு சுமார் 500 கிராம். அதன் ஆற்றல் 2,000 கலோரி. அறுபது கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓடச் சுமார் 60 கலோரி செலவாகும். எனவே 42 கிலோமீட்டருக்கு 2,500 கலோரிக்கு மேல் வேண்டும். கொழுப்பும் எரிந்து உதவுகிறது; ஆனால் வேகம் கூடக் கூட, உடல் சர்க்கரையையே மிகுதியாக நாடுகிறது. முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டிப் பலருக்குக் கால்கள் இரும்பாகக் கனப்பதற்கு இச்சேமிப்பு தீர்ந்துபோவது ஒரு முக்கியக் காரணம். பேலியோவைப் பரப்பிய கார்டைனே 2005இல் விளையாட்டு வீரர்களுக்கென்று எழுதிய நூலில், பயிற்சியையும் பந்தயத்தையும் ஒட்டிய வேளைகளில் மாவுப்பொருளுக்கு இடம் அளித்தார்.

மெக்ஸிகோவின் மலைப் பள்ளத்தாக்குகளில் வாழும் தாராஹுமாரா மக்களை, வெறுங்கால் ஓட்டத்தைப் போற்றுவோர் பெரிதும் எடுத்துக்காட்டுவார்கள். பழைய டயரை அறுத்துச் செய்த செருப்புடன் அவர்கள் ஒரு பகலும் ஓர் இரவும் ஓட வல்லவர்கள் என்பது உண்மையே. ஆனால் அவர்களது முதன்மையான உணவு மக்காச்சோளமும் அவரை வகைகளும். உலகை வென்ற கென்ய ஓட்டக்காரர்களின் உணவிலும் மக்காச்சோளக் களியே தலையாயது. ஓட்டத்துக்கு அவர்களை உதாரணம் காட்டிவிட்டு, உணவுக்கு மட்டும் வேறிடம் செல்வது பொருந்தாது.

நீரிழிவு உடையவர்கள் இரு வகையிலும் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ கொள்ளுகிறவர், மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றை நிறுத்திவிட்டு ஓடப் புறப்பட்டால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து மயங்கி விழ நேரலாம். பாதத்தில் உணர்ச்சி குன்றியவர் வெறுங்காலுடன் ஓடலாகாது. கண்ணாடித்துண்டு தைத்தாலும் அறியமாட்டார், புண் ஆறவும் அரிது. சிறுநீரக நோயுள்ளவர் இறைச்சி உணவை மிகுக்குமுன் மருத்துவரைக் கேட்பது அவசியம். அறிமுகமற்ற ஊரில், உறவினர் அருகில் இல்லாமல் வாழும் நமக்கு இவ்வெச்சரிக்கை இருமடங்கு தேவை.

ஆயின் நாம் செய்யத்தக்கது யாது? வீட்டுக்குள் வெறுங்காலுடன் நடக்கும் நம் பழைய வழக்கத்தைக் கைவிடாதிருப்போம். மெல்லிய காலணியை விரும்புகிறவர், வழக்கமான ஓட்டத்தின் முடிவில் புல்தரையில் ஐந்து நிமிடம் ஓடித் தொடங்கி, வாரந்தோறும் சிறிதளவே கூட்டி, பல மாதங்களில் மாறட்டும். பாதத்தின் மேற்புறத்தில் விடாத வலி தோன்றினால் ஓட்டத்தை நிறுத்தட்டும். வடநாட்டுக் கோடையில் சாலை அடுப்பாகக் காய்வதையும், தேய்ந்த செருப்புக்கும் வெறுங்காலுக்கும் கண்ணாடித்துண்டு ஒன்றே என்பதையும் மறக்க வேண்டாம். ஆகாரத்தில் சர்க்கரையையும் மைதாவையும் குறைத்துக் காயும் கனியும் மிகுப்போம். நெடுந்தூரம் ஓடும் நாளில் இட்லிக்கும் வாழைப்பழத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

ஆதிமனிதன் உண்டதும் ஓடியதும் கிடைத்ததைக் கொண்டும் இருந்த இடத்துக்கு ஏற்பவுமே. அவனிடமிருந்து நாம் கற்கத்தக்கது அந்த இணக்கத்தையே.