பன்னிரண்டு எழுத்து, பன்னிரண்டு விநாடி

‘பள்ளிக்கூடத்திலிருந்து’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள்: 12 எழுத்து. புள்ளி வைத்தவை 4, இகரம் 3, உகர ஊகாரம் 3, வெறும் அகரம் 2. எழுத்துக்கு ஒரு விநாடி என்று விரல் வைத்துக் கூட்டும் பிள்ளைக்கு இந்த ஒரு சொல்லே 12 விநாடி. ஆனால், திரும்பச் சொல்லிக்கொள்ளாத ஒலியை மனம் பிடித்துவைப்பது சுமார் 2 விநாடிதான். ‘து’வுக்கு வந்து சேரும்போது ‘ப’ எப்போதோ நழுவிவிட்டது. “என்ன படிச்சே?” என்று கேட்டால் பிள்ளை விழிக்கும்.

எழுத்து தெரிந்தும் வாசிக்க வராத பிள்ளைகளின் கதை பெரும்பாலும் இந்த விநாடிக் கணக்குதான்.

எழுத்துச் செலவு

தமிழ் எழுத்து 247 என்றதும் மலைப்பு வரும். நெஞ்சில் நிறுத்த வேண்டிய வடிவங்கள் அவ்வளவு இல்லை:

- உயிர்: 12
- ஆய்தம்: 1
- அகர வரிசை உயிர்மெய்: 18
- உகர, ஊகார வரிசை: 36
- புள்ளி: 1
- துணைக்கால், விலங்கு, கொம்பு வகைகள்: 6
- மொத்தம்: 74

மீதி 180 எழுத்தும் இவற்றைக் கூட்டினால் கிடைப்பவை. 1978இல் தமிழக அரசு ணா, றா, னா, ணை, லை உள்ளிட்ட 13 எழுத்துகளின் பழைய வடிவத்தைக் கைவிட்டது. இல்லாவிட்டால் பட்டியல் இன்னும் நீண்டிருக்கும்.

பிள்ளை தடுக்கி விழும் இடம் அந்த 36. ‘கு’ ஒரு விதமாக வளையும், ‘சு’ ஒரு விதம், ‘து’ வேறொரு விதம். அடுத்து கொம்பு: ‘கெ’யில் கொம்பு முன்னால் நிற்கும், அதன் ஒலி பின்னால் வரும். ‘கொ’வில் இருபுறமும் பார்க்க வேண்டும். ஒரே ‘க’ கல், மகன், தங்கம் மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கும். போதாததற்கு, பிள்ளையின் வாயில் இருப்பது ‘பள்ளிக்கூடத்துலேருந்து’. புத்தகத்தில் இருப்பது வேறு. கூட்டி முடித்தாலும் அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று பிடிபட இன்னும் இரண்டு விநாடி போகும்.

பிழையும் தாமதமும்

2003இல் வெளியான ஐரோப்பிய ஒப்பீட்டு ஆய்வில், முதலாம் வகுப்பு முடிவில் பழகிய சொற்களைச் சரியாக வாசித்த அளவு: ஃபின்லாந்துப் பிள்ளைகள் 98 சதவீதம், ஆங்கிலம் படிக்கும் ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் 34 சதவீதம். எழுதியபடியே ஒலிக்கும் மொழி ஃபின்னிஷ், ஆங்கிலம் அப்படியல்ல.

டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கும் பிள்ளைக்குக் கண்ணிலோ அறிவிலோ குறையில்லை. சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதில்தான் சிக்கல். அது ஆங்கிலத்தில் பிழையாக வெளியே தெரியும். ஃபின்னிஷ், ஜெர்மன் போன்ற மொழிகளில் பெரும்பாலும் தாமதமாகத்தான் தெரியும். தமிழும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான். பிழையில்லாமல், ஆனால் மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு வகுப்பில் கிடைக்கும் பெயர் ‘சோம்பேறி’.

சட்டம் தாமதத்தைப் புரிந்துகொண்டது. 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7ஆக இருந்த மாற்றுத்திறன் வகைகள் 2016 சட்டத்தில் 21 ஆயின. டிஸ்லெக்சியா அடங்கிய கற்றல் குறைபாடும் அதில் சேர்ந்தது. 2018 வழிகாட்டு நெறிப்படி, தகுதியுள்ளவர்களுக்குத் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல். மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும்.

நிலுவை

கிராமப்புற அரசுப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்பில், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நாடு முழுவதும் எத்தனை பேர்? கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றலை அளக்கும் அசர் அறிக்கை சொல்வது:

- 2018: 20.9 சதவீதம்
- 2022: 16.3 சதவீதம்
- 2024: 23.4 சதவீதம்

கொரோனாவில் விழுந்தது எழுந்துவிட்டது. ஆனாலும் 2024இல் ஐந்தாம் வகுப்பிலேயே 44.8 சதவீதம்தான், 100 பேரில் 55 பேர் பாக்கி.

அடைக்கும் வழி

கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள், தொடக்கப் பள்ளிக்கு ஆண்டில் 200 நாள். 40 நிமிடப் பாடவேளை முழுவதையும் வாய்விட்டு வாசிப்பதற்கே கொடுத்தாலும் ஒரு பிள்ளையின் பங்கு 80 விநாடி. ஆண்டுக்கு நாலரை மணி நேரம்கூட இல்லை. வீட்டிலோ தெருத் திண்ணையிலோ அதே 200 நாளும் 15 நிமிடம் பக்கத்தில் யாராவது உட்கார்ந்து கேட்டால் 50 மணி நேரம்.

பணக் கணக்கும் பெரிதல்ல. 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் தரப்பட்டது. 20 பிள்ளைகள் என்று வகுத்தால் தலைக்கு 50 ரூபாய். நாளுக்கு இரண்டு ரூபாய்க்கும் குறைவு.

அந்த 50 மணி நேரத்தில் பிள்ளை புதிதாக ஓர் எழுத்தும் கற்க வேண்டியதில்லை. ‘பள்ளிக்’, ‘கூடத்’, ‘திலிருந்து’ என்று மூன்று பிடியாகச் சொல்லைத் தூக்கப் பழகினால் போதும். அப்போதுதான் 12 விநாடி 2 விநாடிக்குள் வரும். ‘து’ வரும்போது ‘ப’வும் கையில் இருக்கும்.