குளத்தில் தண்ணீர், போர்வெல்லில் இல்லை

கோவையிலிருந்து சத்தியமங்கலம் போகும் சாலையில் சுமார் 30 கிலோமீட்டரில் அன்னூர். நீலகிரி பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே கொட்டும் தென்மேற்குப் பருவமழை இங்கே எட்டிப் பார்ப்பதோடு சரி. ஐப்பசி, கார்த்திகை பொய்த்தால் அந்த வருஷம் அவ்வளவுதான். பவானி ஆறு ஓடுவது தாழ்வில், ஊர் இருப்பது மேட்டில்.

தண்ணீர் கேட்டுப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1,916 கோடி ரூபாயில் அத்திக்கடவு–அவிநாசி திட்டம் வந்து, 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கியும் வைக்கப்பட்டது. இலக்கு 1,045 குளம் குட்டைகள். நல்ல விஷயம்தான். குளம் நிரம்பியதைப் பார்த்துவிட்டு வாழைக்கன்று வாங்கக் கிளம்புவதுதான் பயமாக இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். திட்டம் எடுப்பது பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வரும் உபரி நீர், விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள், மொத்தம் 1.5 டிஎம்சி. பயன்பெறும் நிலம் 24,468 ஏக்கர். அத்தனையையும் அந்த நிலத்தில் பரப்பினால் ஒன்றரை அடி உயரம்கூட நிற்காது. வெயில் குடிப்பது தனி. அதுவும் உபரி இருந்தால்தான். மழையில்லாத வருஷம் பவானியிலேயே உபரி ஏது? ஆறு நீரேற்று நிலையங்களில் அன்னூர்தான் கடைசி. கீழே ஓரிடத்தில் மோட்டார் நின்றாலும் இங்கே வரத்து இல்லை.

இன்னொன்று, நிலத்தடி. கொங்குப் பூமிக்கு அடியில் கருங்கல் பாறை. குளத்து நீர் முதலில் ஊறுவது மேலே உள்ள மண்ணிலும் உளுத்த பாறையிலும்தான். அதற்குக் கீழே, பாறை வெடிப்புகள் வழியாகத்தான் நகரும். போர் வண்டி வந்தால் கவனியுங்கள்: முதலில் செம்மண் வரும், பிறகு உளுத்த கல், அதுவரை கேசிங் குழாயை இறக்கி அடைத்துவிடுவார்கள். அப்புறம் வெள்ளைக் கல்மாவுதான் பறக்கும். குளம் ஊட்டுகிற அந்த மேல் நீரைக் குழாய் வெளியே நிறுத்திவிடுகிறது. ஆயிரம் அடியில் ஒரு வெடிப்பு சிக்கினாலும், பல காலமாகச் சேர்ந்த நீரைத்தான் அது உறிஞ்சும். ஒரு சீசன் குளம் நிரம்பியதில் அது ஈடாகாது.

பலன் முதலில் தெரிவது குளத்தை ஒட்டிய பழைய திறந்த கிணறுகளில். அவற்றைக் குப்பை கொட்டி மூடாமல், மாதம் ஒருமுறை கயிறு விட்டு மட்டத்தை எழுதி வைக்கலாம். பங்குனி, சித்திரையில் கயிறு எவ்வளவு நீளம் இறங்குகிறது என்று பார்த்த பிறகு பயிரை முடிவு செய்யுங்கள்.